ஒரு சோடி கண்ணாடி

பூச்சாடியை மடியில் வைத்துக்கொண்டு அம்பிட்டியவிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரை போவது, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு போவதைவிடச் சிரமம் என்று றம்லத் கண்டுபிடித்தாள். குழந்தை விழுந்தால் குழந்தைதான் அழும். இது விழுந்தால் டொரதி டீச்சர் அழுவார், மோகனராஜ் சேர் அழுவார், கடைசியில் தானும் சேர்ந்து அழ வேண்டிவரும். மாருதி கார் ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறும்போது அவள் கலிமா சொல்லிக்கொண்டாள்.

“சேர், ஜாடிக்கு முன்ன என்ட முதுகு உடஞ்சிரும் போல ஈக்கி.”

“முதுகு உங்களோடது. ஜாடி கட்சிக்காரரோடது,” என்றார் மோகனராஜ், வேகத்தைக் குறைக்காமல்.

ஹேவாஹெட்ட தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, காப்புறுதிக் கம்பனியில் இருபத்திரண்டு வருடம் எரிந்த கடைகளையும் நசுங்கிய லொறிகளையும் பார்த்து, எது மெய் எது பொய் என்று எழுதிக் கொடுத்தவர் மோகனராஜ். இப்போது கண்டி நகரில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறை எடுத்துத் துப்பறிகிறார். மடவளையிலிருந்து அவரிடம் தட்டச்சு வேலைக்கு வந்தவள் றம்லத். ஆறு வருடமாகிறது. விரலால் செய்ய வந்த வேலையை வாயால் செய்கிறாள் என்று அவர் அலுத்துக்கொள்வார். ஆனால் அவள் ஒரு நாள் லீவு போட்டால் அவருக்குக் கை ஓடாது.

இந்த வழக்கு வியாழக்கிழமை வந்தது. டொரதி டீச்சருக்கு அறுபத்துநான்கு வயது. முப்பத்துமூன்று வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவர். வரும் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். செவ்வாய்க்கிழமை நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்கிறார்கள். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைதான் பேசினார். மிச்ச நேரமெல்லாம் இந்த நீலக் கண்ணாடி ஜாடியைப் பற்றித்தான்.

டீச்சருடைய தகப்பன் சூசை, கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை பங்களாவில் அப்புவாக, அதாவது தலைமைச் சமையற்காரராக இருந்தவர். 1971 மார்ச் மாதம் பத்துச்சீட்டு என்கிற வேலைநீக்கக் கடிதத்தைக் கொடுத்து அவரை விரட்டினார்கள். குடும்பம் ஒரே நாளில் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு கண்டிக்கு வந்தது. சூசை ஒரு சாப்பாட்டுக் கடையில் அடுப்படி வேலை பார்த்து, இருபது வருடத்துக்குப் பிறகு செத்துப் போனார். ஏன் விரட்டினார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் தாய் அடித்தார். தகப்பன் வாயே திறக்கவில்லை.

எட்டு மாதத்துக்கு முன் டீச்சருடைய அண்ணன் டக்ளஸ் இறந்தபோது, அவருடைய ட்றங்குப் பெட்டி டீச்சருக்கு வந்தது. உள்ளே பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய இந்த ஜாடி. கூடவே அந்தப் பத்துச்சீட்டு. தோட்டத்துக் கடதாசியில், துரைக்காகப் பெரிய கிளாக்கர் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டது: “பங்களாவிலிருந்து துரைசானி அம்மாவின் ஒரு சோடி கண்ணாடி காணாமற் போனது பற்றி விசாரித்தபோது, அப்பு சூசை பதில் ஏதும் சொல்லவில்லை. ஆகையால் அவரை இன்று முதல் வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறது.”

ஒரு சோடி கண்ணாடி. துரையின் மனைவிக்குச் சோடியாக இருந்த கண்ணாடி ஜாடியில் வீட்டில் இருப்பது ஒன்று. அப்படியானால் மற்றதை அப்பா விற்றுத் தின்றுவிட்டார் என்பது டீச்சருடைய கணக்கு. அதோடு ஜாடியின் அடியில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் துண்டொன்று பழுப்பேறி ஒட்டியிருந்தது. அதில் தகப்பனின் கையெழுத்தில் ‘துரைசானி’ என்று மை மங்கிக் கிடந்தது. பாத்திரத்தின் அடியில் பிளாஸ்டர் ஒட்டிச் சொந்தக்காரர் பெயர் எழுதுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். றம்லத்தின் உம்மாவும் பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்பும் பாத்திரத்தில் அப்படித்தான் எழுதுவார். இல்லாவிட்டால் பாத்திரம் திரும்பி வராது. பங்களாக் குசினியில் அப்புதான் பெயர் எழுதி ஒட்டியிருப்பார். துரைசானியின் ஜாடி என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

“எட்டு மாசமா நான் நன்மை எடுக்கலைங்க,” என்றார் டீச்சர் அன்றைக்கு. நன்மை எடுக்கிறது என்றால் என்ன என்று றம்லத் கேட்டாள். பூசையில் நற்கருணை வாங்குவது என்று டீச்சர் வகுப்பில் சொல்வது போல விளக்கினார். திருட்டுப் பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு அதை வாங்குவது அவருக்கு முடியாத காரியம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போவார், வரிசை நகரும்போது வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்திருப்பார். ஜாடி எங்கே செய்தது, எந்தக் காலத்தது என்று மோகனராஜ் கண்டுபிடிக்க வேண்டும். பங்களாவுடையதுதான் என்றால் உடனே கலஹாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மை எடுப்பார். எப்படியும் கத்திக்குக் கீழே படுப்பதற்கு முன் இது தீர வேண்டும்.

இன்றைக்குச் சனிக்கிழமை.

கட்டுகஸ்தோட்டையில் பஹீமின் கடையில் பழைய அலுமாரிகளுக்கும் கதிரைகளுக்கும் நடுவே நடக்க ஓர் ஆள் அகலம்தான் வழி. நாற்பது வருடமாகப் பழைய சாமான் பார்க்கிற மனுசன். ஜாடியை வாங்கி நகத்தால் தட்டிக் காதில் வைத்தார். பக்கவாட்டில் பெருவிரலை மேலும் கீழும் ஓட்டினார். பிறகு வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார்.

“என்னா பஹீம் நானா, கலியாணத்துக்குப் பொண்ணு பாக்கிற மாதிரி பாக்கிறீங்க,” என்றாள் றம்லத்.

“பொண்ணு வெள்ளக்காரி இல்ல தங்கச்சி,” என்றார் பஹீம்.

அவர் காட்டிய இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். ஜாடியின் இரண்டு பக்கமும் காலிலிருந்து வாய் வரை மெல்லிய கோடு ஓடியது, சட்டையில் தையல் ஓடுவது போல. இரண்டு பாதி அச்சைச் சேர்த்துக் கண்ணாடியை ஊற்றினால் அப்படித் தழும்பு விழும் என்றார் பஹீம். இங்கிலாந்திலும் அச்சில் ஊற்றினார்களே என்று மோகனராஜ் மடக்கினார். ஊற்றினார்கள்தான், ஆனால் இதற்குள்ளே பாருங்கள், மணல் சரியாக உருகவில்லை, குமிழி குமிழியாக நிற்கிறது, வெள்ளைக்காரத் துரைசானி இப்படி ஒன்றைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து மேசையில் வைக்கமாட்டாள் என்றார் பஹீம். இதே மாதிரி ஜாடி பத்துப் பதினைந்து அவர் கைக்கு வந்திருக்கிறது. சோடியாக ஒருபோதும் வந்ததில்லை. ஒற்றையாகவே விற்ற சாமான்.

“அப்ப எங்க செஞ்சது?” என்றார் மோகனராஜ்.

“அடியில எழுதி ஈக்கும். நீங்கதானே அத பிளாஸ்டரால மூடி வெச்சீக்கிறீங்க.”

அந்தப் பிளாஸ்டரைத் தொடக் கூடாது என்பது டீச்சர் போட்ட ஒரே நிபந்தனை. தகப்பனின் கையெழுத்து என்று அவரிடம் இருப்பது அது ஒன்றுதான். மோகனராஜ் டெலிபோன் எடுத்து விஷயத்தைச் சொன்னார்.  எழுத்து கிழியாதா என்று கேட்டார் டீச்சர். கிழியாது என்று மோகனராஜ் வாக்குக் கொடுத்தார். எதற்கும் லேசில் வாக்குக் கொடுக்காத மனுசன். 

பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டு ஓரம் ஓரமாக நனைத்து, சவர அலகால் மெல்ல மெல்லத் தூக்கினார்கள். கால்மணி நேரம் யாரும் பேசவில்லை. றம்லத்தும் பேசவில்லை என்பதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். பிளாஸ்டர் முழுசாக வந்தது. அதன் வலது நுனி எப்போதோ உள்பக்கமாக மடிந்து அழுக்கோடு இறுகிப் போயிருந்தது. மோகனராஜ் அதை விரித்துக் கடதாசியில் ஒட்டி வைத்தார்.

பஹீம் ஜாடியைக் கவிழ்த்து அடியைத் துடைத்தார். ஆங்கில எழுத்துகள் கண்ணாடியிலேயே புடைத்து நின்றன. றம்லத் குனிந்து எழுத்தெழுத்தாக வாசித்தாள். மேட் இன் ஸ்ரீ லங்கா.

பஹீம் கதிரையில் சாய்ந்து சிரித்தார். றம்லத்துக்கும் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பாடம்தானே: இந்த நாடு சிலோன் என்ற பெயரைக் கழற்றிவிட்டு ஸ்ரீ லங்கா ஆனது 1972 மே மாதம். சூசைக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்தது 1971 மார்ச். நாட்டுக்கே அந்தப் பெயர் இல்லாத காலத்தில் அந்தப் பெயர் போட்ட ஜாடியை எவனாலும் திருடியிருக்க முடியாது.

“எழுபத்திமூணு, நாலு,” என்றார் பஹீம். “வெளிநாட்டுச் சாமான் ஒன்டும் வராத காலம். அப்பத்தான் இதெல்லாம் இங்கேயே செஞ்சி வித்த.”

மோகனராஜ் சிரிக்கவில்லை. அவர் கடதாசியில் ஒட்டிய பிளாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மடிந்திருந்த நுனியில் இன்னும் இரண்டு எழுத்து இருந்தது.

“துரைசானி இல்ல றம்லத். துரைசானிக்கு.”

றம்லத் இன்னொரு முறை வாசித்தாள். சொந்தக்காரியின் பெயர் இல்லை அது. போய்ச்சேர வேண்டியவளின் பெயர். வேலை போய் இரண்டு மூன்று வருடத்துக்குப் பிறகு சூசை இந்த ஜாடியை வாங்கி, துரைசானிக்கு என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.

“வெரட்டி உட்டவளுக்கு யாரு சேர் பூச்சாடி வாங்கிக் குடுக்கிற? நீங்க என்ன வெரட்டினா நான் வாங்கித் தார சாமான் வேற.”

 எதற்காக வாங்கினாரோ, ஜாடி சுத்தம். டீச்சர் நாளைக்கு நன்மை எடுக்கலாம். காரில் ஏறியபோது றம்லத்தின் மடியில் ஜாடி முன்னைவிடப் பாரம் குறைந்தது போலிருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. மணிக்கூண்டுக்குக் கிட்ட வாகனங்கள் அசையாமல் நின்றன. றம்லத்துக்கு வாய் சும்மா இருக்காது. கண்ணில் படுகிற கடைப் பலகைகளையெல்லாம் வாசித்துத் தமிழ்ப் பிழை பிடிப்பது அவளுடைய பழைய பொழுதுபோக்கு. மூக்குக்கண்ணாடிக் கடையொன்றின் முகப்பில் மூன்று மொழியில் பெரிய விளம்பரம் தொங்கியது. தமிழில் இப்படி இருந்தது: ஒரு சோடி கண்ணாடி வாங்கினால் இன்னொரு சோடி இலவசம்.

“பாருங்க சேர் கூத்த. ஒரு ஆளுக்கு எத்தன மூக்கு? இங்கிலீசுல அவங்க மூக்குக்கண்ணாடி ஒன்டுக்கே சோடி எண்டுதான் செல்லுவாங்க. அத அப்பிடியே தமிழுக்குத் திருப்பி...”

அவள் வாய் அப்படியே நின்றது. ஏற்கெனவே நின்றிருந்த காரில் மோகனராஜ் பிரேக்கை மிதித்தார்.

துரை இங்கிலீசில் எழுதினார். பெரிய கிளாக்கர் சொல்லுக்குச் சொல் திருப்பினார். துரைசானியின் ஒரு சோடி கண்ணாடி. பங்களாவில் காணாமற் போனது பூச்சாடியே இல்லை. துரைசானி மூக்கில் போடுகிற கண்ணாடி.

பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. மோகனராஜ் காரை நகர்த்தினார். கார் வாவிக் கரையைத் தொட்டது. ஒரு சமையற்காரனுக்கு வெள்ளைக்காரியின் மூக்குக்கண்ணாடி எதற்கு என்று றம்லத் தனக்குள் கேட்டாள். கேட்டவுடனே டொரதி டீச்சரின் முகம் நினைவுக்கு வந்தது. அந்தத் தடித்த வில்லைகளுக்குப் பின்னால் சின்னதாகத் தெரிகிற கண்கள். பதில் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

“நம்மகிட்ட கேட்டது ஜாடியப் பத்தி,” என்றார் மோகனராஜ், ரோட்டைப் பார்த்தபடி. “ஜாடி சுத்தம். அத மட்டும் சொல்லிட்டு வந்துருவோம். செவ்வாக்கிழமை அவங்க நெஞ்சத் தொறக்கப் போறாங்க.”

கடை எரிந்தவர்கள் அழுதபோதும் ஒரு வரி கூட்டிக் குறைக்காமல் எழுதியவர், இன்றைக்குப் பாதியை மறைக்கச் சொல்கிறார். றம்லத்துக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் சொல்வது சரி என்றும் பட்டது, சரியில்லை என்றும் பட்டது. தலையை மட்டும் ஆட்டினாள்.

அம்பிட்டியவில் டீச்சர் வாசலிலேயே நின்றார். மோகனராஜ் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார்: தையல் கோடு, குமிழி, நாட்டின் பெயர், வருடம், பிளாஸ்டரின் கடைசி இரண்டெழுத்து. டீச்சர் கடதாசியில் ஒட்டியிருந்த தகப்பனின் எழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அவர் அழவில்லை. பெருமூச்சு விட்டு, எட்டு மாதம் அநியாயமாக நினைத்துவிட்டேனே என்று மட்டும் சொன்னார். தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். றம்லத் சீக்கிரம் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள். அந்த வீட்டை விட்டு வெளியேறினால் போதும் என்றிருந்தது.

அவர்கள் எழும்பியபோது டீச்சர் பத்துச்சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

“அப்ப இந்தச் சோடி எது?”

கிளாக்கர் ஏதாவது பிழையாக எழுதியிருப்பார் என்றார் மோகனராஜ். என்ன பிழை என்றார் டீச்சர். பழைய காலத்துத் தமிழ் என்றார் மோகனராஜ். முப்பத்துமூன்று வருடம் பிள்ளைகளின் சாக்குப்போக்கைக் கேட்டுப் பழகிய டீச்சர் அவரை விட்டுவிட்டு றம்லத்தின் பக்கம் திரும்பினார். றம்லத் ஜாடியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், கடைசியில் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. மெய் சொல்லவும் வரவில்லை. அவளுடைய கண் டீச்சரின் மூக்குக்கண்ணாடியில் போய் நின்றது. அவ்வளவுதான் அவள் செய்தது.

டீச்சர் அந்தப் பார்வையைக் கண்டார். கடதாசியைக் கண்ணருகே கொண்டுபோய் அந்த வரியை வாய்விட்டு மெதுவாக வாசித்தார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார்.

“ஒரு சொல் பல பொருள்,” என்றார். “வருசா வருசம் கரும்பலகையில எழுதுவேன். கண்ணாடின்னா முகம் பாக்கிறது, கண்ணாடின்னா மூக்குல போடுறது. பிள்ளைங்க மறந்தா அடிச்சிருக்கேன்.”

மோகனராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

சின்ன வயதில் தனக்குக் கிடைத்த முதல் மூக்குக்கண்ணாடி கைலேஞ்சித் துணியில் சுற்றி வந்தது என்றார். கன்னியர் மடத்துச் சிஸ்டர்மார் கொடுத்தார்கள் என்று அப்பா சொன்னார். பெரிய ஆளுடைய கண்ணாடி, மூக்கில் நிற்காது. அம்மா கறுப்பு நூல் கட்டிக் காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டார். அதுவரைக்கும் மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களில் தன் தாயைச் சேலை நிறத்தை வைத்துத்தான் டீச்சருக்குத் தெரியும். அன்றைக்குத்தான் தூரத்திலிருந்தே தாயின் முகத்தைப் பார்த்தார். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையை வாசித்தார். ஒரு மாதத்தில் அப்பாவுக்கு வேலை போனது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒன்பது வயதில் தெரியவில்லை, பிறகு தோன்றவும் இல்லை. விசாரணையில் அப்பா ஏன் பதில் சொல்லவில்லை என்பது இப்போது தெரிகிறது. சொல்லியிருந்தால் கண்ணாடியைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

“எழுபத்திநாலு பஞ்ச வருசம்,” என்றார் டீச்சர். “வீட்ல மரவள்ளிக்கிழங்கும் கெடையாது. தம்பி ஒருத்தன் அந்த வருசம் செத்தான். அந்த வருசத்துலயா இவரு இத வாங்கினாரு?”

“கண்ணாடிக்குப் பதிலா ஒரு கண்ணாடி குடுக்க நெனச்சிருக்காரு டீச்சர்,” என்றார் மோகனராஜ்.  “எழுபத்தஞ்சுல தோட்டங்கள அரசாங்கம் எடுத்திருச்சு. தொரையும் தொரைசானியும் சீமைக்குப் போயிருப்பாங்க. குடுக்க ஆள் இல்லாமப் போயிருக்கும்.”

 கண்ணாடி இல்லாமல் டீச்சருடைய கண்கள் யாரையும் பார்க்காமல் நடுவில் எங்கேயோ நின்றன. றம்லத் தரையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கையைப் பிடிக்கலாமா கூடாதா என்று யோசிக்காமல் பிடித்துக்கொண்டாள். கை குளிர்ந்திருந்தது.

“கண்டிக்கு வந்த வருசம் ஈஸ்டருக்குத்தான் முதல் நன்மை எடுத்தேன் மகள்,” என்றார் டீச்சர். “வெள்ளைச் சட்டை, தலையில பூ. அந்தக் கண்ணாடியப் போட்டுக்கிட்டுதான் போனேன். அப்பா கோயிலுக்குள்ள வரல. வாசல்லயே நின்னாரு. எட்டு மாசமா இந்த ஜாடிய வச்சிக்கிட்டு நன்மை எடுக்க மாட்டேன்னு உக்காந்திருந்தேன். நான் எடுத்த முதல் நன்மையே அந்தத் திருட்டுக் கண்ணாடியோடதான்.”

வெளியே மழை விட்டிருந்தது. யாரோ ரோட்டில் சைக்கிள் மணி அடித்துப் போனார்கள்.

“நாளைக்கு ஃபாதர்கிட்ட பாவம் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகணும்,” என்றார் டீச்சர். “எட்டு மாசம் எங்கப்பாவக் கள்ளன்னு நெனச்சேன்னு சொல்லவா? இல்ல, அவரு கள்ளன்தான்னு தெரிஞ்ச பொறகும் எனக்கு அவர் மேல பாசந்தான் கூடுதுன்னு சொல்லவா? இதுல எது பாவம், மகள்?”

 றம்லத் அந்தக் கையை விடாமல் இருந்தாள்.